கும்மென்று கேட்க எதை வாங்கலாம்?

ஒலியும் ஒயரும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ஹெட்போன் பற்றி மட்டும் கேளுங்கள் என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களைப் பிரித்தால் பெரும்பாலோருக்கு வேண்டியது பேஸ், அதாவது கும்மென்று அதிரும் கீழ்ச் சுருதி ஒலி. வேலூர்ப் பக்கத்துக் காது அப்படித்தான். ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் பம்பைக்கும், கூழ் வார்க்கும் பந்தலில் கட்டிய பாக்ஸுக்கும் பழகியவர்களிடம் சன்னமான ஒலியைக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். நானும் அந்தப் பந்தல்களில் பாக்ஸ் ஏற்றி இறக்கியவன்தான். இப்போது லாங் பஜார் அருகே ஒரு மாடிக் கடையில் உட்கார்ந்து ஹெட்போன் பழுது பார்க்கிறேன். கடைக்கு வருபவரிடம் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். கம்பெனிக்காரர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

கே: அண்ணா, நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குத்துப் பாட்டும் எலக்ட்ரானிக் இசையும் அதிகம் கேட்பேன். எங்கள் ஊர் சிரசுத் திருவிழாவில் போனில் பதிவு செய்த பம்பை மேளமும் இருக்கிறது. 3,000 ரூபாய்க்குள் ஹெட்போன் வேண்டும். 50 மி.மீ. டிரைவர் உள்ளதை வாங்கு, 40 மி.மீ. என்றால் பேஸ் வராது என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?
— குடியாத்தம் வாசகர்

ப: தம்பி, டிரைவர் என்பது ஹெட்போனுக்குள் ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்தான். ஆனால் பெரிய ஸ்பீக்கரைப் பற்றித் தெரிந்ததை உங்கள் நண்பர் ஹெட்போனுக்கும் பொருத்திப் பார்க்கிறார். பந்தலில் வைக்கும் பாக்ஸ், தெருவில் உள்ள காற்றைத் தள்ள வேண்டும். 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். அதைக் கிளப்ப 15 அங்குலம், 18 அங்குலம் என்று ஊஃபர் (பேஸுக்கான ஸ்பீக்கர்) கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஹெட்போன் தள்ள வேண்டியதோ உங்கள் காதுக்கும் அதன் குஷனுக்கும் நடுவே அடைபட்ட கொஞ்சம் காற்றை மட்டும்தான். காதுக்குள் செருகும் இயர்போனில் 10 மி.மீ. டிரைவரே அடி ஆழம் வரை இறங்கிவிடும். ஆகவே 40-ஆ 50-ஆ என்ற கேள்வியைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

அடைபட்ட அந்தக் காற்று வெளியே கசிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பை எவ்வளவு அழுத்தினாலும் டியூப் நிறையாது அல்லவா? குஷனுக்கும் கன்னத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருந்தால் ஹெட்போனிலும் அதுதான் நடக்கிறது. கீழே போகப் போக இழப்பு அதிகம். பேஸ் கிடாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக், பெரும்பாலும் 50-க்கும் 100-க்கும் நடுவில். ரோலண்ட் நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தின் நீண்டு அதிரும் கிக்கைத்தான் இன்றைய எலக்ட்ரானிக் இசையிலும் ராப் பாட்டிலும் விதவிதமாகத் திரும்பக் கேட்கிறீர்கள். அதன் பலமும் இந்தக் கீழ் எல்லையில்தான். குரல் இதற்கு மேலே இருக்கிறது. அதனால் கசியும் ஹெட்போனில் பாடகர் நன்றாகவே பாடுவார். கிக் மட்டும் 'தட்' என்று தட்டையாக விழும். உடனே எல்லோரும் டிரைவரைத் திட்டுவார்கள்.

கடையில் இதைச் செய்து பாருங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை ஓடவிட்டு, எப்போதும்போல ஹெட்போனை மாட்டுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் காதின்மேல் உட்காரும் கிண்ணங்களை மெதுவாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று எழுந்து வந்தால், அந்த ஹெட்போன் உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை. விமர்சனங்களில் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அழுத்தியும் ஒலி மாறவில்லையென்றால் பொருத்தம் சரி. மூக்குக் கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். தடித்த பிளாஸ்டிக் காம்பு குஷனைத் தூக்கிக் காற்றுக்கு வழிவிடும். மெல்லிய கம்பிச் சட்டம் அவ்வளவு தொந்தரவு செய்யாது.

பெட்டியில் '20 - 20,000 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருப்பதைப் படித்து மயங்க வேண்டாம். எத்தனை டெசிபல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத வரையில் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 20 ஹெர்ட்ஸில் எறும்பு நடக்கும் அளவுக்கு ஒலித்தாலும் அப்படி அச்சிடலாம். 'எக்ஸ்ட்ரா', 'மெகா', 'சூப்பர்' பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை.

கிண்ணத்தின் பின்பக்கம் மூடியிருப்பதையே எடுங்கள். பின்பக்கம் வலைபோலத் திறந்திருக்கும் வகை குரலுக்கும் வயலினுக்கும் அருமையானது. ஆனால் பெரும்பாலானவற்றில் அடி பேஸ் சரிந்துவிடும். சென்ஹைசர் எச்டி 600, 1997-இலிருந்து புகழப்படுகிறது. நானும் புகழ்வேன். உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உங்கள் 3,000 ரூபாய்க்கு வருகிறேன். காதை முழுதாக மூடும் வகையில் இந்த விலைக்குக் கிடைப்பவற்றில் நான் பிரித்துப் பார்த்தவை பெரும்பாலும் 150, 200 ஹெர்ட்ஸ் பக்கத்தை உப்பவைத்து அதற்குப் பேஸ் என்று பெயர் சூட்டியவை. ஒயர் உள்ள, காதுக்குள் செருகும் இயர்போன் பக்கம் போங்கள். செவன்ஹெர்ட்ஸ் சீரோ 2 போன்ற சீனத் தயாரிப்புகள் இந்தப் பணத்துக்குள் அடங்கும். அடி பேஸ் உண்டு, குரலும் மூழ்காது. உங்கள் போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் டைப்-சி கன்வெர்ட்டருக்கும் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். பெட்டியில் வரும் எல்லா அளவு ரப்பர் நுனிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். வலக்காதுக்கு நடுத்தரமும் இடக்காதுக்குப் பெரியதும் பொருந்துகிறவர்கள் நிறையப் பேர். செருகும்போது மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் துளை நேராகி, நுனி உள்ளே போய் அமரும். அமர்ந்ததும் வெளிச் சத்தம் அமுங்க வேண்டும். அமுங்கவில்லையென்றால் பேஸும் வராது.

பம்பை விஷயத்தில் மட்டும் ஏமாற்றம் காத்திருக்கிறது. போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. பல போன்கள் காற்றடிக்கும் சத்தத்தைக் குறைப்பதற்காகக் கீழ்ப்பகுதியை வெட்டிவிடும். அடி பலமாக விழும்போது ஒலி அளவைத் தானாகவே இறக்கிவிடும். பதிவில் ஏறாத அதிர்வை எந்த ஹெட்போனும் கொண்டுவராது. அடுத்த வைகாசியில் சிரசுத் திருவிழாவுக்குத் தனி ரெக்கார்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் போங்கள். மேளத்துக்கு மிக அருகில் நிற்காமல் நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள்.

கே: ஐயா, என் பழைய ஹெட்போனில் திடீரென்று பாடுபவர் குரலும் பேஸும் காணாமல் போய்விட்டன. வயலின், கோரஸ், எதிரொலி எல்லாம் கேட்கின்றன. டிரைவர் எரிந்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். வாங்கட்டுமா?
— ராணிப்பேட்டை வாசகர்

ப: வாங்காதீர்கள். டிரைவர் எரிந்தால் அந்தப் பக்கமே ஊமையாகிவிடும். ஆள் பார்த்துக் குரலை மட்டும் விழுங்காது.

இடப்பக்கத்துக்கு ஒரு கம்பி, வலப்பக்கத்துக்கு ஒரு கம்பி, இரண்டிலிருந்தும் மின்னோட்டம் திரும்பிப் போக ஒரு பொதுக் கம்பி. உங்களுக்கு அறுந்திருப்பது அந்தப் பொதுக் கம்பி. அது அறுந்தால் இரண்டு டிரைவர்களும் வரிசையாக இணைந்துகொண்டு, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒலிக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல், கிக், பேஸ் கிடார் மூன்றையும் பெரும்பாலும் நடுவில் வைப்பார்கள். அதாவது இரண்டு பக்கத்திலும் சம அளவு. சமமானது கழிந்துபோகிறது, ஓரத்தில் வைத்த வயலினும் கோரஸும் மிஞ்சுகின்றன.

முதலில் போனின் பேக் கவரைக் கழற்றிவிட்டு, போனில் செருகும் ஹெட்போன் பின்னைக் கடைசி வரை அழுத்திப் பாருங்கள். தடித்த கவரால் பின் முழுதாக உள்ளே போகாமல் இதே கோளாறு வருவதைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். ஐந்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார்கள், நானும் காசு வாங்குவதில்லை. அது இல்லையென்றால் பின்னுக்கு அருகில் ஒயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் குரல் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தால் அறுந்த இடம் அதுதான்.

புதிய 3.5 மி.மீ. பின் வாங்கி நீங்களே மாற்றலாம். பழைய பின்னுக்கு ஓர் அங்குலம் மேலே வெட்டி உறையை உரித்தால் தலைமுடி போன்ற கம்பிகள் தெரியும். பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது. அந்த நிறம் கம்பியின்மேல் உள்ள காப்புப் பூச்சு. அதை எரிக்காமல் ஈயம் ஒட்டாது. சூடான சால்டரிங் அயர்ன் நுனியில் ஒரு துளி ஈயத்தை உருகவைத்து, அதற்குள் கம்பியின் முனையைப் பிடியுங்கள். சில நொடிகளில் மெல்லிய புகை எழும், நிறம் போய்க் கம்பி வெள்ளியாக மினுங்கும். அதற்குப் பிறகு பின்னில் வையுங்கள்: கூர்நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பாகம் பொது. மைக் வைத்த ஹெட்போனுக்கு நான்கு பாகம் உள்ள பின் வேண்டும். இன்றைய போன்களில் மூன்றாவது பாகம் பொது, அடிப்பாகம் மைக். புகையை மட்டும் முகத்துக்கு நேராக வாங்காதீர்கள்.

கே: ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் அலுவலக வேலை பார்க்கிறேன். என் ஹெட்போன் குஷன் வாங்கிய ஒரு வருடத்திலேயே கறுப்புச் செதிலாக உதிர்ந்து காதெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. பேஸும் குறைந்த மாதிரி தோன்றுகிறது. எங்கள் ஊரில் இல்லாத தோலா? தைத்துக்கொள்ளலாமா?
— ஆம்பூர் வாசகி

ப: ஆம்பூரில் இருந்துகொண்டு செயற்கைத் தோலை மாட்டிக்கொண்டிருப்பது உங்கள் ஊருக்கே அவமானம், சகோதரி. உதிர்வது துணியின்மேல் பூசிய பாலியுரித்தேன் படலம். வியர்வையும் ஈரமும் சூடும் சேர்ந்தால் அது வெடித்துவிடும். மே மாதம் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் நம் பக்கத்தில் அதன் ஆயுள் இன்னும் குறைவு. தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெயும் அதற்கு எமன். பேஸ் குறைந்தது பிரமை இல்லை. வெடிப்பு வழியாகக் காற்று கசிகிறது, உள்ளே இருக்கும் பஞ்சும் அமுங்கி, கிண்ணம் கன்னத்தில் சரியாக உட்காரவில்லை.

தாராளமாகத் தைக்கலாம். கையுறைக்கு எடுக்கும் மெல்லிய, இளகிய ஆட்டுத் தோலைக் கேளுங்கள். காலணியின் மேல்பாகத்துக்குப் போடும் தடித்த மாட்டுத் தோல் வேண்டாம். காதுக்குக் கீழே தாடை முடியும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதற்கு அது வளைந்து கொடுக்காது. பெரும்பாலான கசிவு அந்த இடத்தில்தான். பழைய குஷனைத் தூக்கிப் போட்டுவிடாமல் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: நடுத்துளையின் அகலம், பஞ்சின் உயரம், கிண்ணத்தின்மேல் மாட்டும் ஓரத்தின் அகலம். உயரம் மாறினால் டிரைவர் காதிலிருந்து தள்ளிப் போகும், உள்ளே அடைபடும் காற்றின் அளவும் மாறும். அதே ஹெட்போன் வேறு ஆளாகப் பேசும். பஞ்சு, அழுத்தினால் மெதுவாக மேலே எழும் ரகமாக இருக்கட்டும்.

தையல் கன்னத்தில் படும் பக்கத்தில் வரக் கூடாது, கிண்ணத்தை ஒட்டிய அடிப்பக்கத்தில் வர வேண்டும். ஊசித் துளை ஒவ்வொன்றும் காற்று போகும் வழி. காற்றோட்டத்துக்காகத் துளையிட்ட தோலை உங்கள் தையல்காரர் பரிந்துரைப்பார். பழைய குஷனில் துளை இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். வெல்வெட் போன்ற துணிக் குஷன் நம் வெயிலுக்குச் சுகம்தான். ஆனால் அதற்கென்றே வடிவமைக்காத ஹெட்போனில் போட்டால் அடி பேஸ் துணி வழியாகப் போய்விடும்.

தைத்து முடித்ததும் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, குடியாத்தம் தம்பிக்குச் சொன்ன உள்ளங்கைச் சோதனையே போதும்.

கே: புது ஹெட்போனை 100 மணி நேரம் ஓடவிட்டால்தான் பேஸ் 'திறக்கும்' என்கிறார்களே?
— ஆரணி வாசகர்

ப: குஷன் முகத்துக்குப் படியும், காது அந்த ஒலிக்குப் பழகும். திறப்பது இவை இரண்டும்தான். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிகிற வரை உங்களைக் காக்கவைக்க இதைவிட நல்ல யோசனை கிடையாது.

கே: காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன். வீட்டில் அதிரும் இயர்பட்ஸ், ரயிலில் ஏறியதும் சப்பென்று ஆகிவிடுகிறது. ஒலியைக் கூட்டினால் காது வலிக்கிறது. இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்கினால் சரியாகுமா?
— காந்தி நகர் வாசகர்

ப: சரியாகும். ரயிலின் இரைச்சல் பெரும்பகுதி கீழ்ச் சுருதியில் இருக்கிறது, உங்கள் பேஸ் குடியிருக்கும் அதே இடத்தில். இரண்டும் ஒரே இடத்தில் மோதினால் பலமானது ஜெயிக்கும். குரலும் ஜால்ராவும் மேலே தனியாக இருப்பதால் தப்பித்துவிடுகின்றன. பேஸை எட்டிப் பிடிக்க நீங்கள் ஒலியைக் கூட்டும்போது அவையும் சேர்ந்து ஏறுகின்றன. காது வலிப்பது அவற்றால்.

இரைச்சல் நீக்கும் ஹெட்போனில் உள்ள மைக் வெளிச் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிக் காதுக்குள் விடும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். விட்டுவிடாமல் ஒரே மாதிரி ஓடும் கீழ்ச் சத்தத்தில் இந்த வித்தை நன்றாகப் பலிக்கிறது. டீ, காபி என்று கூவி வருபவரின் குரலை இது அவ்வளவாக அமுக்காது. குழந்தை அழுதாலும் கேட்கும். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவரின் மகனும் போஸ் ஆடியோ நிறுவனத்தை நிறுவியவருமான அமர் போஸ், 1978-இல் விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலால் பாட்டே கேட்கவில்லை என்பதால் இந்த வேலையில் இறங்கினார். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வந்தது 1989-இல்.

வாங்கும்போது குளிர்சாதனக் கடைக்குள் நின்று சோதிக்காதீர்கள், ஓடும் பஸ் எஞ்சின் பக்கத்தில் நின்று பாருங்கள். இரைச்சல் நீக்கும் வசதியைப் போட்டும் நிறுத்தியும் ஒரே பாட்டைக் கேளுங்கள். சிலவற்றில் அதை நிறுத்தியதும் பேஸின் குணமே மாறிவிடும். பாதி வழியில் சார்ஜ் குறைகிற நாளில் உங்களுக்கு மிஞ்சப்போவது அந்த ஒலிதான். சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 போன்றவை நல்லவை, ஆனால் காதை முழுதாக மூடுபவை. சித்திரை மாதத்தில் முன்பதிவில்லாப் பெட்டியில் அதை மாட்டிக்கொண்டு நின்றால் காது வெந்துவிடும். இதே வசதி உள்ள இயர்பட்ஸே உங்களுக்குப் பொருத்தம்.

செலவு செய்யும் முன் ஒன்று. இப்போதிருக்கும் இயர்பட்ஸின் ரப்பர் நுனியைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் நுனி போடுங்கள். விரல்களுக்கு நடுவே உருட்டிச் சிறுத்ததும் செருகி, அது விரிந்து காதை அடைக்கும் வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். சிலருக்கு அதுவே போதுமானதாகிவிடுகிறது.

கே: ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். பேரன் வாங்கிக் கொடுத்த 'பேஸ்' ஹெட்போனில் கச்சேரி கேட்டால் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) மட்டும் ஊரைக் கூட்டுகிறது. பாடகர் எங்கோ உள்ளறையில் பாடுகிறார். பேஸ் அதிகம் என்றால் இதுதானா?
— சத்துவாச்சாரி வாசகர்

ப: இல்லை ஐயா, இது இடம் தவறிய பேஸ். ஒலி ஆய்வாளர் ஷான் ஆலிவ் முதலானோர் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் பலரைக் கேட்கவைத்துச் செய்த ஆய்வில், பெரும்பாலோர் விரும்பியது கொஞ்சம் தூக்கலான பேஸைத்தான். ஆனால் அந்தத் தூக்கல் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. உங்கள் ஹெட்போனில் அது 200, 250 வரை ஏறி வந்து, ஆண் குரலின் அடிப்பாகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

நல்ல பேஸுக்கு மிருதங்கத்தைவிடக் கறாரான பரீட்சை எனக்குத் தெரியாது. தொப்பியில் ரவைப் பசை அப்பிய பிறகு, வித்வான் இடக்கையைத் தேய்த்து எழுப்பும் கும்கியில் சுருதி நெளிந்து மேலே போகும். அந்த நெளிவு காதுக்குத் தெரிய வேண்டும். அடி முடிந்ததும் அதிர்வும் நிற்க வேண்டும். எல்லா அடியும் ஒரே 'தொம்' ஆகக் கேட்டால் பேசுவது மிருதங்கம் அல்ல, பிளாஸ்டிக் கிண்ணம்.

பேரனிடம் சொல்லிப் போனில் ஈக்வலைசரை, அதாவது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை, திறக்கச் சொல்லுங்கள். 200 ஹெர்ட்ஸ் பக்கத்தை 4 டெசிபல் இறக்கட்டும். 60-ஐத் தொட வேண்டாம். பாடகர் முன்னறைக்கு வந்துவிடுவார். பேரன் மனமும் நோகாது.

கே: மகன் பத்தாம் வகுப்பு. அவன் ஹெட்போனில் ஓடுவது அடுத்த அறையில் படுத்திருக்கும் எனக்குக் கேட்கிறது. கேட்டால், குறைத்தால் பேஸ் வராதும்மா என்கிறான். சாக்குத்தானே?
— வாலாஜாபேட்டை வாசகி

ப: சாக்கு இல்லை, அம்மா. பையன் சொல்வதில் அறிவியல் இருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-இல் இதை அளந்து காட்டினார்கள். ஒலி குறையக் குறைய நம் காது பேஸைத்தான் முதலில் கைவிடும். இன்றைய சர்வதேச அளவீட்டின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் கேட்கும் அதே அளவுக்கு 50 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 78 டெசிபல் தேவை. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருந்ததே, அது இந்தக் குறையை நிரப்பத்தான்.

ஆனால் அதற்கு அவன் கண்டுபிடித்த வைத்தியம் தவறு. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுகிறான். ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் 6 டெசிபல் ஏற்றி, அதிலேயே மொத்த அளவைக் குறைக்கும் 'ப்ரீஆம்ப்' என்று இருப்பதை 6 டெசிபல் இறக்கச் சொல்லுங்கள். இறக்காமல் ஏற்றினால் பேஸ் கரகரக்கும். அதன் பிறகு மொத்த ஒலியைக் குறைத்தாலும் அவனுக்கு வேண்டியது கிடைக்கும். அடுத்த அறைக்குக் கேட்கிறது என்பதிலிருந்து குஷன் கசிகிறது என்றும் சந்தேகிக்கிறேன். ஆம்பூர் சகோதரிக்கு எழுதியதைப் படித்துப் பாருங்கள்.

உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 95-க்குப் போனால் வாரம் முழுமைக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான். இதை அவனையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பத்தாம் வகுப்புக்குப் பயிற்சியாகவும் இருக்கும். ஹெட்போனைக் கழற்றிய பிறகு காதுக்குள் 'ஙொய்' என்று கேட்கிறது என்று அவன் சொன்னால் மட்டும் ஈக்வலைசரோடு நிற்காமல் காது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கே: வெளிநாட்டிலிருந்து மாமா, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ கொண்டுவந்தார். 250 ஓம் என்று போட்டிருக்கிறது. போனில் போட்டால் ஒலியும் இல்லை, பேஸும் இல்லை. போலியா?
— ஆற்காடு வாசகர்

ப: இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. ஓம் என்பது மின்தடையின் அளவு. அந்த மாடல் 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வருகிறது. 250 ஓம் ரகத்துக்குப் போன் கொடுக்கும் வோல்டேஜ் போதாது. சிறிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை நடுவில் வையுங்கள். பின்பக்கம் மூடிய கிண்ணம், அடி வரை இறங்கும் பேஸ். துணிக் குஷன்தான், ஆனால் அதற்கென்றே வடிவமைத்தது. மாமாவுக்கு நல்ல ரசனை. அவருக்கு நன்றி சொல்லி ஒரு போன் போடுங்கள்.

கே: அண்ணே, சவுண்ட் சர்வீஸில் வேலை செய்கிறேன். பாக்ஸ் முன்னால் நின்றால் நெஞ்சு அதிர்கிறது. அந்த அதிர்வைக் கொடுக்கும் ஹெட்போன் எது? ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் மிக்சரில் வைத்துப் பார்க்கவும் உதவ வேண்டும்.
— பேர்ணாம்பட்டு வாசகர்

ப: நம் ஜாதி ஆள் நீங்கள், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்: எதுவும் இல்லை. பாக்ஸ் தள்ளும் காற்று உடல் முழுக்க மோதுகிறது. ஹெட்போனின் காற்று காதோடு நின்றுவிடும். ஸ்கல்கேண்டி க்ரஷர் போன்றவற்றில் ஒலிக்கும் டிரைவரோடு தனியாக ஓர் அதிர்வுக் கருவியையும் வைத்து, அதைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடரும் கொடுத்திருக்கிறார்கள். கன்ன எலும்பு குலுங்கும், சினிமா பார்க்க வேடிக்கையாக இருக்கும். சிலருக்குத் தலை வலிக்கும், போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். மிக்சர் வேலைக்கு அது ஆகவே ஆகாது. இல்லாத பேஸை இருப்பதாகக் காட்டும், நீங்கள் குறைப்பீர்கள், பந்தலில் நிற்பவன் திட்டுவான்.

மிக்சருக்கு இரண்டு சொல்வேன். 1991-இலிருந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் இருக்கும் சோனி எம்டிஆர்-7506 ஒன்று, ஆடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-எம்50எக்ஸ் மற்றொன்று. இரண்டும் பின்பக்கம் மூடியவை, இரண்டுக்கும் குஷன் தனியாக வாங்கி மாற்றலாம். எம்50எக்ஸில் பேஸ் கொஞ்சம் தாராளம். 7506-இல் சுருள் ஒயர் கிண்ணத்தோடு நிரந்தரமாக இணைந்திருக்கும். எம்50எக்ஸில் ஒயரைக் கழற்றி வேறு மாட்டலாம். பந்தலில் ஒயரை மிதிக்காமல் நடக்கும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே எம்50எக்ஸை வாங்கி, உபரியாக ஓர் ஒயரையும் பெட்டியில் போட்டுவையுங்கள்.